குட்டை ஸ்கீயில் நாம் விடும் பிழைகள்

தை மாதத்தில் நுவரெலியாப் புல்நுனியில் உறைந்து கிடக்கும் வெண்மையைப் பார்ப்பதற்கே கொழும்பிலிருந்து வான் பிடித்துப் போகிறவர்கள் நாங்கள். ஆயினும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தமிழர் வீடுகளில், சுவிற்சர்லாந்திலோ நோர்வேயிலோ கனடாவிலோ உடன்பிறந்தவர் ஒருவர் இல்லாத வீடு அரிது. அவர்களைப் பார்க்கப் போகும் பயணம் குளிர்காலத்தில் அமைந்துவிட்டால் ஒரு நாள் மலைக்கும் போக நேர்கிறது. அங்கே வாடகைக் கடையில், பனியில் வழுக்கிப் போகக் காலில் பூட்டும் பலகைகளான ஸ்கீகள் ஆளுயரத்துக்கு நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரமான குட்டைச் சோடி ஒன்று கண்ணில் படுகிறது. "இது லேசு, இதை எடுங்கோ" என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். அந்தச் சொல்லை முழுதாக நம்பி நான் விட்ட பிழைகளையும், பின்னர் விசாரித்தும் பழகியும் தெரிந்துகொண்ட காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: குட்டை ஸ்கீ மனத்தைக் கவர்வதற்கு நியாயமான காரணம் உண்டு. ஒரு பலகையை நடுவில் பிடித்துச் சுழற்றும்போது அது காட்டும் எதிர்ப்பு, அகலமும் தடிப்பும் ஒன்றாக இருந்தால், நீளத்தின் கனத்துக்கு, அதாவது நீளம் × நீளம் × நீளத்துக்கு, ஏற்பக் கூடும். 165 சென்ரிமீற்றர் நீளமான சாதாரண ஸ்கீயையும் 95 சென்ரிமீற்றர் நீளமான குட்டை ஸ்கீயையும் இப்படி ஒப்பிட்டால், குட்டையானது காட்டும் எதிர்ப்பு மற்றதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைக்குள் முச்சக்கரவண்டி ஒரே வெட்டில் திரும்பிவிடும், பஸ் திரும்பாது, அதே வேறுபாடுதான். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்குவதும் குறைவு, தோளில் சுமந்து நடப்பதும் எளிது, பயமும் விரைவில் தெளிகிறது. ஆனால் அந்த முச்சக்கரவண்டியை நம் அதிவேக நெடுஞ்சாலைகளில் ஏற விடுவதில்லை என்பதையும் சேர்த்து நினைத்தால் மீதிக் கதையில் பாதி விளங்கிவிடும்.

பெயரில் தொடங்குகிறது குழப்பம். "குட்டை" என்ற ஒரே சொல்லால் கடைக்காரரும் உறவினரும் வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறார்கள். ஒரு மீற்றருக்கும் குறைவான, இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்த, ஊன்றுகோல் இல்லாமலே ஓட்டப்படும் பலகைகள் ஒரு வகை. இவற்றுக்கு ஸ்கீபோர்ட் என்று பெயர். 1990களில் சாலமன் நிறுவனம் விற்ற ஸ்னோபிளேட் என்ற பெயரே பலர் வாயில் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. அதற்கும் முன்னர் ஆஸ்திரியாவின் க்னைஸ்ல் நிறுவனம், முன்பக்கத்தில் ஐந்து கால்விரல் வடிவம் வைத்து, பிக்ஃபுட் என்ற இன்னும் குட்டையானதொரு பலகையை விற்றது. இவற்றுக்கும் முழு ஸ்கீக்கும் இடையில், 120, 130 சென்ரிமீற்றர் அளவில் பெரியவர்களுக்காகவே செய்யப்பட்ட இடைநிலைக் குட்டைகள் உண்டு. மூன்றாவதாக, முற்றிலும் சாதாரணமான ஸ்கீயையே, பழகுகிறவர் என்பதற்காக உயரத்துக்குப் பத்து இருபது சென்ரிமீற்றர் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் "குட்டையாக எடு" என்று சொல்லும்போது கருதுகிறார்கள். கேட்கிறவரோ முதல் வகையைப் போய் எடுக்கிறார். ஆகவே கடையில் சொல்லால் கேட்காமல் சென்ரிமீற்றரால் கேட்பது நல்லது. அளவு ஸ்கீயின் மேற்பரப்பிலேயே, பெரும்பாலும் வால் பக்கத்தில், அச்சிடப்பட்டிருக்கும்.

இதற்கு நேரெதிரான பிழையும் நடக்கிறது. எண்பதுகளில் சுவிஸுக்குப் போய் அங்கே பழகிய ஒரு மூத்த உறவினர், "கையை மேலே தூக்கு, மணிக்கட்டு மட்டத்துக்கு வர வேண்டும்" என்று அளவு சொல்லித் தருவார். அவர் காலத்தில் அது சரிதான். அப்போது வளர்ந்த ஆண்கள் 200 சென்ரிமீற்றர் ஸ்கீயில் ஓடுவது வழக்கம். 1990களின் முற்பகுதியில் சுலோவேனியாவின் எலான் போன்ற நிறுவனங்கள் நடுவில் இடுங்கி இரு முனையிலும் அகன்ற ஸ்கீகளைக் கொண்டுவந்த பிறகு, ஓரத்தில் சாய்த்தாலே பலகை தானாக வளைந்து திரும்பத் தொடங்கியது, நீளம் குறைந்தது. இன்று உலகக் கிண்ணப் போட்டிகளில், நெருக்கமாக நட்ட கம்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் ஓட்டத்தில், ஆண்களுக்கே விதிப்படி குறைந்தபட்ச நீளம் 165 சென்ரிமீற்றர்தான், பெண்களுக்கு 155. வேகமே குறியான டவுன்ஹில் ஓட்டத்துக்கு ஆண்களின் ஸ்கீ 218. வளைவுகள் நெருங்கினால் குட்டை, வேகம் கூடினால் நெடுமை என்ற கணக்கு இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. பழகுகிறவருக்கு நாடி மட்டம் வரை வந்தால் போதும். உயரத்தை மட்டும் பார்த்து நிறையை மறந்துவிடவும் கூடாது. பனிக்கு உங்கள் நிறைதான் தெரியும், உயரம் தெரியாது.

இனிச் சொல்லப்போவதை மற்ற எல்லாவற்றையும்விட விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கடையில் இதைப்பற்றி என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சப்பாத்தை ஸ்கீயோடு பிணைக்கும் அமைப்பான பைண்டிங்குக்கு இரண்டு வேலைகள் உண்டு: ஓடும்போது விடாமல் பிடித்திருப்பது ஒன்று, விழும்போது நேரத்துக்கு விட்டுவிடுவது மற்றது. சாதாரண ஸ்கீயில், கால் பக்கவாட்டில் முறுகினால் முன்பகுதி திறக்கும். உடல் முன்னோக்கித் தூக்கி எறியப்பட்டால் குதிப்பகுதி திறக்கும். எவ்வளவு விசையில் திறக்க வேண்டும் என்பதை நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், எந்த வேகத்தில் ஓடுகிறவர் என்ற ஐந்தையும் அட்டவணையில் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ஒரு படி குறைத்தே வைப்பார்கள். நிறையைக் கேட்டால் நம்மவர்கள் ஐந்து கிலோ குறைத்துச் சொல்வதும், "எப்படி ஓடுவீர்கள்" என்று கேட்டால் வீராப்பாக ஒரு படி கூட்டிச் சொல்வதும் வழக்கம். இந்த ஓர் இடத்திலாவது உண்மை பேசுவது எலும்புக்கு நல்லது.

ஒரு மீற்றருக்குக் குறைந்த பழைய பலகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த விடும் வேலையே கிடையாது. சப்பாத்தை ஒரு கம்பி வளையத்தால் இறுக்கிப் பூட்டிவிடுவார்கள், நாம் குனிந்து கழற்றும்வரை கழலாது. பலகை இவ்வளவு குட்டையாக இருப்பதால் காலை முறுக்கும் நெம்புகோலும் குட்டைதானே, பிறகு ஏன் விட வேண்டும் என்பதே அதன் நியாயம். பாதி நியாயம் அது. நீண்ட ஸ்கீயின் வால் பகுதி பனியில் மாட்டி முழங்காலைத் திருகுவதால் ஏற்படும் தசைநார்க் காயம் குட்டைப் பலகையில் குறைவு என்றே ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் அதே ஆய்வுகளில், விடாத பைண்டிங் பூட்டிய பலகைகளில் முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்பு முறிவது கூடுதலாக இருந்தது. கால் பலகையோடும் பலகை பனியோடும் மாட்டிக்கொள்ள, உடல் மட்டும் முன்னே போனால், சப்பாத்தின் மேல்விளிம்பு நிற்கும் இடத்தில் எலும்பு தாங்க வேண்டியிருக்கிறது. முழங்காலைக் காப்பாற்றிக் கணைக்காலைக் கொடுக்கும் பேரம் அது.

நான் முதல் நாள் எடுத்தது அத்தகைய சோடிதான் என்பதை மறுநாள்தான் அறிந்தேன். மாற்றுவதற்காக வேறொரு கடைக்குப் போனபோது, அங்கிருந்தவர் என் சப்பாத்தைக் கவிழ்த்து, குதிப்பக்கத்துப் பிளாஸ்டிக்கில் பொறித்திருந்த 305 என்ற மில்லிமீற்றர் எண்ணைப் படித்தார். பிறகு முழந்தாளிட்டு, பைண்டிங்கின் முன்னும் பின்னும் இருந்த சிறு கண்ணாடிச் சாளரங்களில் தெரிந்த குறியை ஒரு திருப்புளியால் மெல்ல நகர்த்தி, அட்டவணை சொன்ன எண்ணில் நிறுத்தினார். முழு வேலையும் இரண்டு நிமிடம். முந்தைய நாள் சோடியில் நகர்த்துவதற்கு அப்படியொரு சாளரமே இல்லை, கழன்ற ஸ்கீ சரிவில் ஓடிவிடாமல் தடுத்து நிறுத்தும், குதிப்பக்கத்து இரண்டு சிறு கால்களும் இல்லை. பதிலுக்குக் காலில் சுற்றும் ஒரு வார் மட்டும் இருந்தது. குட்டை ஸ்கீயை எடுக்க முன்னர் பார்க்க வேண்டிய முதல் அடையாளங்கள் இவையே: அளவுச் சாளரம் இருக்கிறதா, தடுப்புக் கால் இருக்கிறதா. இரண்டும் இல்லையென்றால் கேளுங்கள். விடும் பைண்டிங் பூட்டிய குட்டை ஸ்கீகளும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. அவை சற்றே பாரமானவை, அவ்வளவுதான்.

பின்னால் சாய்வது எல்லோரும் விடும் பிழை. சரிவைக் கண்டதும் உடம்பு தானாகவே மலைப்பக்கம் ஒதுங்குகிறது, அது மனித இயல்பு. நீண்ட ஸ்கீ இந்தப் பிழையை ஓரளவு மன்னிக்கும்: குதிக்குப் பின்னால் இருக்கும் நீண்ட வால் ஒரு முக்காலியைப் போல் தாங்கி, வேகத்தைக் கூட்டி, திரும்ப விடாமல் செய்தாலும், உடனே விழுத்தாது. குட்டைப் பலகையில் குதிக்குப் பின்னால் இருப்பது ஒன்றரைச் சாண் தான். அக்காவின் ஒன்பது வயது மகள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, "மாமா, பின்னாலை சாயாதேங்கோ" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அன்று காலை மட்டும் ஐந்து தரம் அப்படிக் கிடந்தேன், ஐந்தும் பின்பக்கமாகவே. முன்பக்கமும் இதே கதைதான்; பள்ளமொன்றில் முனை இறங்கினால் தாங்குவதற்கு நீளம் இல்லை. ஆகவே குட்டை ஸ்கீயில் நிற்கும் நிலை சாதாரண ஸ்கீயைவிட நுணுக்கமாக இருக்க வேண்டும்: முழங்கால் மடிந்து, கணுக்கால் மடிந்து, கணைக்கால் சப்பாத்தின் முன் நாக்கை எப்போதும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொடுகை விட்டுப்போனால் பின்னால் போய்விட்டீர்கள் என்று பொருள். திருப்புவதற்கு எளிதான பலகை, நிற்பதற்கும் எளிதானது என்று எண்ணியதே என் பிழை.

பனியின் தன்மையைப் பாராமல் பலகையைத் தெரிவது அடுத்தது. தமிழில் பனி என்ற ஒரே சொல் மார்கழி விடியற்காலையில் புல்லில் நிற்கும் துளியையும் ஆல்ப்ஸ் மலையை மூடிய ஓராள் ஆழத்தையும் குறித்துவிடுவதால், பனி எங்கும் ஒரே பனிதான் என்று நமக்கு ஒரு மயக்கம் உண்டு. இயந்திரம் இரவில் உருட்டிச் சமப்படுத்திய தடம் கிட்டத்தட்டத் தார் வீதி. புதிதாகப் பெய்து உருட்டப்படாமல் கிடப்பது தண்ணீருக்கு அண்மையான பொருள். 70 கிலோ மனிதர் ஒருவர் சாதாரணச் சோடியில் நின்றால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் ஏறக்குறைய 24 கிராம் பாரம் விழுகிறது, குட்டைச் சோடியில் 37 கிராம். முதலாவது மிதக்கும் இடத்தில் இரண்டாவது முழங்கால்வரை தாழும்.

அறுகம்பையிலோ வெலிகமவிலோ அலைச்சறுக்குப் பழகியவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். அங்கே புதியவருக்குக் கொடுப்பது நீண்ட பலகை. குட்டைப் பலகை கைதேர்ந்தவருடையது. பனிச்சறுக்கில் இது தலைகீழ் என்று கேட்டுச் சிலர் வியப்பதுண்டு. உண்மையில் தலைகீழாவது உருட்டிய தடத்தில் மட்டுமே. ஆழ்பனிக்குள் இறங்கியதும் கடலின் விதி திரும்பி வந்துவிடுகிறது: நீளமும் அகலமும் உள்ளதே மிதக்கும்.

கொழும்பிலிருந்து புறப்படுகிறவருக்கு இது வெறும் தத்துவம் அன்று. டுபாயில் 2005 முதல் இயங்கும் உள்ளரங்கப் பனித் திடலில் மிக நீண்ட தடமே 400 மீற்றர்; சரிவும் பனியும் என்றும் ஒரே சீராக இருக்கும். ஒரு பிற்பகல் அங்கே குட்டைப் பலகையில் கழிப்பதில் தவறே இல்லை, இன்னும் சொல்லப்போனால் அதற்கென்றே செய்த இடம்போல் இருக்கும். காஷ்மீரின் குல்மார்க் வேறு உலகம். அடிவாரத்து மெல்லிய சரிவுகளில் பழகலாம்தான். ஆனால் கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் கூண்டான கொண்டோலாவில் ஏறி, அபர்வத் மலையின் தோளில் ஏறக்குறைய 3,950 மீற்றர் உயரத்தில் இறங்கினால், கீழே விரிந்திருப்பது பெரும்பாலும் உருட்டப்படாத ஆழ்பனி. அங்கே குட்டைச் சோடியோடு போகக்கூடாது. புதியவர் எந்தச் சோடியோடும் தனியே போகக்கூடாது, பனிச்சரிவு விழும் மலை அது.

சமதரையில் என்ன நடக்கும் என்பதையும் ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு சரிவிலிருந்து அடுத்ததற்குப் போகும் பாதைகள் ஏறத்தாழ மட்டமானவை. நீண்ட ஸ்கீக்காரர்கள் மேலிருந்து வந்த வேகத்தில் வழுக்கிப் போய்விடுவார்கள். குட்டைப் பலகை பாதி வழியில் நின்றுவிடும். கையில் ஊன்றுகோல் இருந்தால் தள்ளிக்கொண்டு போகலாம். "இதற்குக் கோல் தேவையில்லை" என்று கடையில் சொன்னதைக் கேட்டு வெறுங்கையோடு போன நான், சில்லுச்சப்பாத்தில் போவதைப்போல் காலை அகட்டி அகட்டித் தள்ளிப் போனேன். அந்த ஒரு துண்டுப் பாதை முழு நாளின் சரிவுகளைவிடக் களைக்க வைத்தது. குளிர் காலையில் கோலை இரவல் வாங்கியாவது கொண்டுபோவது நல்லது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பயணப் பெட்டியின் சிறு சில்லு நடைபாதைக் கல்லுக்குக் கல் துள்ளும், துவிச்சக்கரவண்டியின் பெரிய சில்லு அதே கல்மேல் உருண்டு போகும். குட்டைப் பலகை பனியின் ஒவ்வொரு மேட்டையும் தனித்தனியே சந்திக்கிறது. கடினமான தடத்தில் வேகம் கூடினால் முதலில் பாதம் நடுங்கும், பிறகு முழங்கால். பிடித்துக்கொள்ளும் எஃகு விளிம்பின் நீளமும் குறைவு. நடுக்கம் தொடங்கும் வேகமே அந்தப் பலகையின் எல்லை.

குட்டையில் தொடங்கிப் பின்னர் நீளத்துக்கு மாறலாமா என்ற கேள்விக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் கிளிஃப் டெய்லர் என்பவர் குட்டை ஸ்கீயால் கற்பிக்கும் முறையை முன்வைத்தார். 1960களின் நடுப்பகுதியில் வெர்மான்ட் மாநிலத்தின் கில்லிங்டனில் அது முறையான பாடத்திட்டமாயிற்று. ஏறத்தாழ ஒரு மீற்றரில் தொடங்கி, திறமை கூடக் கூட நீளத்தையும் கூட்டுவார்கள். பிரான்சின் லெஸ் ஆர்க்கிலும் இதே போன்றதொரு முறை புகழ்பெற்றிருந்தது. 200 சென்ரிமீற்றர் ஸ்கீயின் காலத்தில் அது பெரும் விடுதலை. இன்றைய ஸ்கீயே குட்டையாகி, தானே திரும்பவும் கற்றுக்கொண்ட பிறகு அந்த ஏணிக்குத் தேவை குறைந்துவிட்டது.

ஏணியின் நடுப்படியில் குடியிருப்பதுதான் இங்கே நடக்கும் பிழை. குட்டைப் பலகையைத் தோளைச் சுழற்றியே திருப்பிவிடலாம். பாதத்தைச் சாய்த்து விளிம்பை மாற்றும் பழக்கம் வரவேண்டிய அவசியமே இல்லை. சிறுவர்களுக்கு முதல் நாளிலேயே கற்பிக்கும், முனைகளை ஒடுக்கி வால்களை விரித்து வேகத்தைக் குறைக்கும் பீட்சாத் துண்டு நிலையும் குட்டையில் சரியாகப் பிடிக்காது, விரிப்பதற்கு நீளம் போதாது. மூன்று பயணம் குட்டையிலேயே ஓடிய ஒருவர் நான்காம் முறை 160இல் ஏறினால், தோள் திரும்பும், ஸ்கீ நேரே போகும். என் கருத்து இது: வாழ்நாளில் ஓரிரு நாள்தான் பனியில் நிற்கப்போகிறீர்கள் என்றால், விடும் பைண்டிங் பூட்டிய குட்டையைத் தயங்காமல் எடுங்கள், அந்த ஓரிரு நாளின் சந்தோசத்துக்கு அதைவிடக் குறுக்குவழி இல்லை. ஆண்டுதோறும் போகும் வாய்ப்பு உள்ளவர், முதல் நாளே நாடியளவு சாதாரண ஸ்கீயில் ஓர் ஆசிரியரோடு தொடங்கட்டும். குழந்தைகளுக்கு நெஞ்சுக்கும் நாடிக்கும் இடைப்பட்ட அளவு. "வளருவான்தானே" என்று பள்ளிச் சப்பாத்து வாங்குவதைப்போல் பெரிதாக வாங்கவே வேண்டாம்.

கடைசியாக, வாங்கிக்கொண்டு வருவது. குட்டைச் சோடி மலிவாகக் கிடைக்கும், பயணப் பொதிக்குள் குறுக்காகவாவது வைக்கலாம்போல் தோன்றும், உறவினரும் "கொண்டுபோங்கோ, இங்கை சும்மா கிடக்குது" என்பார்கள். அப்படி ஒரு சோடி என்னிடம் வந்து சேர்ந்தது. கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் எங்கள் வீட்டில், ஸ்கீயின் எஃகு விளிம்பு முதல் மாதத்திலேயே செம்மஞ்சளாகத் துருப்பிடித்தது. உப்புக் காற்றும் ஈரப்பதனும் இரும்புக் கம்பிச் சாளரத்தையே தின்கிற ஊரில் அது அதிசயமில்லை. நன்றாகத் துடைத்து உலர்த்தி, அடிப்பகுதியிலும் விளிம்பிலும் மெழுகைத் தடிப்பாகப் பூசி, சுரண்டாமல் அப்படியே விட்டுவைத்தால் துரு வராது. அடுத்த பயணத்துக்கு முன்னர் சுரண்டிக்கொள்ளலாம். சப்பாத்தைத்தான் காப்பாற்ற முடியாது. பெரும்பாலான ஸ்கீச் சப்பாத்துகளின் பிளாஸ்டிக், வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளுக்குள் இற்றுப்போகும் வகையைச் சேர்ந்தது. வெளியே பளபளப்பாக இருந்து, பனியில் கால் வைத்த முதல் நாளே வெடிக்கும். ஸ்கீயைக் கொண்டுவர ஆசைப்பட்டால் கொண்டுவாருங்கள், சப்பாத்தை அக்கா வீட்டு அலுமாரியிலேயே விட்டுவிடுங்கள்.